மானுக்கு எட்டுச் செலவு

சவர்லாண்ட், ஜெர்மனி
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் லக்சிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் இருவரும் இங்கே நல்ல சுகம். அப்பாவின் இரத்த அழுத்தம்கூட, மெசின் பழுதோ என்று டொக்டர் சந்தேகப்பட்டு இரண்டாந்தரம் அளந்து பார்க்கிற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அதைப்போல நீயும் நியூசிலாந்துக் குளிரில் தடிமன் இருமல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன். போன முறை போனில் கதைத்தபோது அண்ணன் அனுப்பிய படத்தைப் பற்றிக் கேட்டாய். பச்சை உடுப்புப் போட்ட ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்க, நடுவில் நான் குந்தியிருந்து ஒரு செத்த மானின் நெற்றியில் திருநீறு பூசுகிற படம். உங்களுக்கு என்னம்மா நடந்தது என்று நீ கேட்டது எனக்கு விளங்கியது, ஆனால் அப்பா பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்ததால் வடிவாகச் சொல்ல முடியவில்லை. உன் அண்ணன் ஐங்கரன் டுசல்டோர்ஃபில் இருந்துகொண்டு, அப்பாவுக்கு மூளை தட்டிவிட்டது, அம்மாவும் கூடச் சேர்ந்துவிட்டா என்று உனக்குச் சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் பாதி சரி. மீதியை நான் எழுதுகிறேன், ஒரு தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி.

அப்பா தொழிற்சாலையிலிருந்து பென்சன் எடுத்ததும், பக்கத்து வீட்டு வில்ஃப்ரீட் அவரை வேட்டைக்காரர் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். ஜெர்மனியில் சும்மா துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போக ஏலாது, படித்துச் சோதனை பாஸ் பண்ணவேண்டும். நரிக்கு வருகிற நோய், நாய்ச்சாதிகள், சட்டம் என்று அப்பா குசினி மேசையில் இருந்து பாடமாக்கினார். பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை அபித்தூர் என்றால், இதைப் பச்சை அபித்தூர் என்று சொல்வார்களாம். லக்சிகா எடுத்தது வெள்ளை அபித்தூர், நான் எடுத்தது பச்சை என்று பக்கத்து நகரத்துக் கோயிலில் கண்ட எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். எனக்கு முதலில் துண்டாக விருப்பமில்லை. துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கப்போறியளோ என்று கேட்டேன். அது மனுசரைச் சுடுறது, இது மானைச் சுடுறது, நீர் இரண்டையும் போட்டுக் குழப்பாதையும் என்றார். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. இத்தனை வருசமாக இந்த ஊரில் இருக்கிறோம், பேக்கரியில் வணக்கம் சொல்வார்கள், குப்பை வாளியை மாறி வைத்தால் வந்து சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த வேட்டைக்காரர்கள்தான் அப்பாவை முதன்முதலாக ஹெர் சிற்றம்பலம் என்று சொல்லாமல் சிற்றா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தத் தோளை எனக்குக் காட்டினார்.

பிரச்சினை பங்குனி மாதம் தொடங்கியது. இங்கே மே மாதம் பிறந்தால்தான் ஆண் மான் சுடலாம். வில்ஃப்ரீட்டும், எங்கள் பல் வைத்தியரும், வங்கியில் வேலை செய்கிற ஒருவரும், அப்பாவும் சேர்ந்துதான் அந்தக் காட்டைக் குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வருசம் முதல் மானைச் சுடுகிற மரியாதை சிற்றாவுக்குத்தான் என்று அவர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். எந்த மான் என்பதும் முடிவாயிற்று. ஒரு கிழட்டு மான், இங்கத்தைய மான் ஆட்டுக்கடா உயரம்தான், அதற்கு ஒரு கொம்பு வளைந்திருக்கும். அதற்கு அவர்கள் மேயர் என்று பெயர் வைத்திருந்தார்கள். என்னவென்று கேட்டால், வருவார், நடுவில் நின்று எல்லோரையும் பார்ப்பார், ஒன்றும் செய்யாமல் போய்விடுவார் என்று வில்ஃப்ரீட் சொன்னார்.

அந்த மரியாதை கிடைத்த நாளிலிருந்து அப்பாவுக்கு நித்திரை போனது. மான் மோப்பம் பிடிக்குமாம், அதனால் வீட்டில் தாளிக்கக்கூடாது என்றார். நான் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளிப்பதென்றால் சட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போகவேண்டும். அவருடைய வேட்டை உடுப்புத் தோட்டக் கொட்டிலில் பைன் இலை நிரப்பிய பெட்டிக்குள் இருந்தது, அந்தப் பெட்டிக்குக் கிட்ட நான் சாம்பிராணியோடு போகக்கூடாது. சத்தமில்லாமல் இருந்து பழகவேண்டும் என்று ஹோலுக்குள் ஏணியை வைத்து, அதன் உச்சியில் மணிக்கணக்காக ஏறி இருந்தார். தபால்காரப் பிள்ளை யன்னலால் கண்டுவிட்டு, உங்கள் கணவருக்கு உதவி ஏதும் தேவையா என்று என்னைக் கேட்டது. நான் இல்லை, அவர் மே மாதத்துக்குக் காத்திருக்கிறார் என்றேன், அது தலையாட்டிக்கொண்டு போய்விட்டது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், ஆனால் அவருடைய கை நடுங்கத் தொடங்கியதுதான் எனக்குப் பயம். கடதாசியில் கீறிய வட்டத்துக்குச் சுடச்சொன்னால் நடுவில் போய்ப் படும். மானின் படத்தைக் கண்டால் போதும், தேத்தண்ணிக் கோப்பை கோப்பைத்தட்டில் கிடந்து அடிக்கும். ஒருநாள் கட்டிலில் எழும்பியிருந்து, நான் சுட்டுப் பிழைச்சால் இனி இந்த ஊரில ஆரும் தமிழனை வேட்டைக்குக் கூப்பிடமாட்டினம் என்றார். ஊரிலே இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம் நாங்கள், வேறு எவரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது கேட்கிற கேள்வி இல்லை.

டொக்டரிடம் நேரம் கேட்டு டெர்மின் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அழுத்தத்தை அளந்துவிட்டு, நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேட்டை எப்போது திறக்கிறது என்று கேட்டார். அப்பா சொன்னார். டொக்டர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு, தன்னுடைய சட்டைக் கையை மடித்து, தன்னுடைய அழுத்தத்தை அளந்தார். அது அப்பாவுடையதிலும் கூடவாக இருந்தது. அவரும் வேறொரு காட்டில் வேட்டைக்காரராம். இதற்கு மருந்து குளிசை கிடையாது, இது வேட்டைக் காய்ச்சல், இருபது வருசமாக எனக்கும் இருக்கிறது, தனியாகப் போய் இருக்கவேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அதற்கு முதல் கோயிலுக்குப் போய்த் துவக்கின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்துவிடுவோம் என்றேன். துவக்கைக் கோயிலுக்குக் கொண்டுபோகச் சட்டம் விடாது, அது வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கவேண்டும். பெட்டியின் சாவியைக் கொண்டுபோவோம் என்றால், சாவியை வேறொருவர் கையில் கொடுப்பதும் குற்றமாம். அதனால் ஐயர் அர்ச்சனைத் தட்டை நீட்ட, அப்பா சாவியைத் தட்டில் வைக்காமல் தட்டுக்கு மேலே தன் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், ஐயர் கைக்கும் சேர்த்துத் தீபம் காட்டினார். பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். துவக்குக்கு நட்சத்திரம் ஏது என்று நாங்கள் முழிக்க, வாங்கின திகதியைச் சொல்லுங்கோ அக்கா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, கார்த்திகை, கொஞ்சம் கோவக்காரன், கவனமா வைச்சிருங்கோ என்றார். அட்சதையும் திருநீறும் ஒரு சின்னப் பொட்டலமாகத் தந்தார், அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மே மாதம் பிறந்த முதல் விடியற்புறம் நானும் அப்பாவும் காட்டுக்குப் போனோம். மரக்கால்களில் நிற்கிற பெட்டி வீடு ஒன்று, ஏணியால் ஏறிப் போகவேண்டும், உள்ளே இருக்க ஒரு வாங்கும் மூன்று பக்கமும் யன்னலும். எனக்கு ஏணியில் ஏற முழங்கால் விடவில்லை, அப்பா பின்னால் நின்று தள்ளினார். இத்தனை மாதம் சத்தம் போடாமல் இருக்கப் பழகிய மனுசன், சுந்தரேஸ்வரி விழுந்திடாதையும் என்று கத்தியது முழுக் காட்டுக்கும் கேட்டிருக்கும். ஏறி இருந்த பிறகு பார்த்தால் கை நடுங்குகிறது. நான் சொன்னேன், இஞ்சருங்கோ, முதல் துவக்கில இருக்கிற ரவையைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போடுங்கோ, துவக்கை மூலையில சாத்துங்கோ, மான் வந்தால் நான் சொல்லுறன். அவர் மறுபேச்சில்லாமல் செய்தார். பிறகு போத்தலில் கொண்டுபோன இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன், சால்வையால் போர்த்துவிட்டேன். வெளிச்சம் மெல்ல மெல்ல வந்தது, குருவிகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின, புல்வெளிக்கு மேலே பனிப்புகார் படுத்திருந்தது. பிள்ளை, நான் இந்த நாட்டில் காலை பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன், துப்புரவு வேலைக்கு ஓடியிருக்கிறேன், உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், ஆனால் ஒரு காலை எப்படி வருகிறது என்று இருந்து பார்த்ததே இல்லை. அப்பாவிடம் அதைச் சொல்லலாம் என்று திரும்பினால், அவர் என் தோளில் சாய்ந்து நித்திரை. குறட்டை வேறு.

அந்த நேரம் மேயர் வந்தார். பற்றைக்குள் இருந்து வந்து, நடுவில் நின்று, எல்லாப் பக்கமும் பார்த்தார். குறட்டைச் சத்தத்துக்கு ஓடுவார் என்று நினைத்தேன், ஓடவில்லை, காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்தார். என் சால்வையில் தாளித்த மணம் முழுக்க இருக்கிறது, அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பெட்டிக்கு நேர் கீழே வந்து மூக்கை மேலே தூக்கி நின்றார். எனக்கு அப்பாவை எழுப்ப மனம் வரவில்லை. பங்குனி தொடங்கி அந்த மனுசன் நித்திரை கொண்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர் எழும்பி, ஏதும் வந்ததோ என்று கேட்டார். ஓம், மேயர் வந்தவர் என்றேன். ஏச்சு விழும் என்று பார்த்தால், எப்பிடி இருந்தவர் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, மூக்கு ஈரமோ, வலக் காதில வெட்டு இருக்கோ, எந்தக் காலை முதல் வைச்சவர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, கராஜில் இருந்த சட்டியை அவரே எடுத்துக்கொண்டு வந்து குசினி அடுப்பில் வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொரு விடியற்புறமும் போனோம். நான் பார்ப்பேன், அவர் நித்திரை கொள்வார், திரும்பி வரும் வழியில் கதை கேட்பார்.

இதில் ஒரு பிழை விட்டார். தான் காட்டுக்குள் எவ்வளவு நல்லாக நித்திரை கொள்கிறேன் என்று போய் வில்ஃப்ரீட்டிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அடுத்த நாள் வில்ஃப்ரீட்டின் மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இவருக்கும் வசந்தகாலம் வந்தால் நித்திரை இல்லை, பல்லை நெரிக்கிறார், ஒருநாளைக்கு நீ இவரோடும் போய் இருப்பாயா என்று கேட்டா. அயலவர் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது. போனேன். வில்ஃப்ரீட் இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, செத்துப்போன தன் நாயைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னார், அழுதார், பிறகு நித்திரையாகிவிட்டார். அதைக் கேள்விப்பட்டுப் பல் வைத்தியர் வந்தார். அவர் வாயைத் திறந்துகொண்டுதான் நித்திரை கொள்வார், எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. வங்கிக்காரர் போனை அணைத்து என் கைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் படுப்பார். கடைசியில் எங்கள் டொக்டரே வெட்கப்பட்டுக்கொண்டு போன் எடுத்தார், தன்னுடைய காடு கொஞ்சம் தூரம், ஆனால் கார் அனுப்புகிறேன் என்று. அப்பா எனக்கு டெர்மின் கொடுக்கிற ஆளாக மாறினார். செவ்வாயும் வெள்ளியும் அவவுக்கு விரதம், ஏலாது, வியாழன் பாப்பம் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இத்தனை பேரோடு இருந்து எத்தனை மான் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. முயல் பார்த்தேன், நரி பார்த்தேன், பிறந்து கால் நிற்காத மான்குட்டி பார்த்தேன். ஒருவர்கூட ஒரு வெடி வைக்கவில்லை.

அதுதான் வினையாகியது. காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண், ஃபிராவ் ஷுல்தே, நல்ல உயரம், சிரிக்காத முகம். அவ நட்ட தேவதாருக் கன்றுகளின் குருத்தை மான்கள் எல்லாம் கடித்துத் தின்றுவிட்டன என்று வேட்டைக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டா. ஊர்ச் சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் நடந்தது, என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். மொட்டையாக நிற்கிற கன்றுகளின் படங்களை மேசையில் ஒவ்வொன்றாகப் போட்டா. போன வருசம் இந்த நேரம் நீங்கள் இத்தனை மான் சுட்டிருந்தீர்கள், இந்த வருசம் ஒன்றும் இல்லை, காட்டில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டா. எல்லோரும் பியர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வில்ஃப்ரீட் பொய் சொல்லத் தெரியாத மனுசன், நித்திரை கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். எல்லோருமா என்று கேட்டா. எல்லோரும் என்றார். ஏன் என்று கேட்டா. எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது.

நான் எழும்பினேன். என்னுடைய உடைந்த ஜெர்மனில் சொன்னேன், நான் இவர்களை நித்திரையாக்கவில்லை, இவர்கள் களைத்துப்போய்த்தான் வந்தார்கள், நித்திரை இல்லாத ஆம்பிளைகள் துவக்கோடு இருப்பதிலும் பார்க்க நித்திரை கொண்ட ஆம்பிளைகள் இருப்பது காட்டுக்கும் நல்லதுதானே என்று. பல் வைத்தியர் கை தட்டத் தொடங்கி, ஃபிராவ் ஷுல்தே பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். அவ சொன்னா, நித்திரை கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் அடுத்த முறை நான் வரும்போதும் ஒரு மானும் சுட்டிருக்கவில்லை என்றால், இந்தக் காடு வேறு ஆட்களுக்குப் போகும். அன்றைக்கு அப்பா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான், எங்களாலை இவங்கட காடு போகப்போகுது ஈசு என்றார். அந்தக் குரலை எனக்குத் தாங்க ஏலவில்லை. நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ, மேயர் வரேக்க நான் எழுப்புறன் என்றேன்.

அடுத்த விடியற்புறம் அப்படியே நடந்தது. அவர் நல்லாக நித்திரை கொண்டார். மேயர் வந்தார், வழக்கம்போல நடுவில் நின்றார். நான் அப்பாவின் தோளைத் தொட்டேன். எழும்பினார், மூலையில் இருந்த துவக்கை எடுத்தார், ரவையைப் போட்டார், ஒரு சத்தமில்லை. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுடமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு வெடி. மேயர் நின்ற இடத்திலேயே விழுந்தார், கால்கூட உதறவில்லை. அப்பா ரவையைக் கழற்றி, துவக்கைப் பழையபடி மூலையில் சாத்திவிட்டு, கை நடுங்கேல்லை ஈசு என்றார். சொல்லி முடிக்கவில்லை, நடுங்கத் தொடங்கியது. இரண்டு கையையும் என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவருக்கு மட்டுமில்லை, எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. தினமும் கண்ட முகம்தானே.

போன் பண்ண எல்லோரும் வந்தார்கள். வில்ஃப்ரீட் ஒரு ஓக் மரத்துக் கொப்பை முறித்து, மானின் வாயைத் திறந்து உள்ளே வைத்தார். இது என்ன என்று கேட்டேன். கடைசி வாய்ச் சாப்பாடு, சுட்ட மானுக்கு அதைக் கொடுக்காமல் தூக்குவது மரியாதை இல்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது பிள்ளை. எங்களிலும் இருக்கிறதே, நாங்கள் அரிசி போடுவோம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்படியென்றால் போடு என்றார். கைப்பையில் கோயில் பொட்டலம் கிடந்தது. அந்த அட்சதையை மேயரின் வாயில் போட்டு, நெற்றியில் திருநீறு பூசினேன். மற்றவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். வங்கிக்காரர் கொம்பு ஊதினார், பல் வைத்தியர் எடுத்த படம்தான் நீ பார்த்தது. அப்பா அழுதார், அவர்கள் அதைப் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு யோசித்தேன், வாய்க்கரிசி போட்டாயிற்று, தீட்டுத் துடக்கு உண்டோ இல்லையோ, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாமோ. ஐயருக்குப் போன் எடுத்து, ஐயா, மேயர் செத்துப்போனார், நான்தான் வாய்க்கரிசி போட்டனான் என்றேன். ஐயோ, நல்ல மனுசன், போன வருசம் தேருக்கு வந்து முன்வரிசையில நிண்டவர் என்று அவர் கவலைப்பட்டார். எனக்கு விளங்கவில்லை, ஓம் வளைஞ்ச கொம்பு என்றேன். பிறகுதான் இரண்டு பேரும் வேறு வேறு மேயரைப் பற்றிக் கதைக்கிறோம் என்று தெரிந்தது. மான் என்று சொன்னதும் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா, மானுக்குத் துடக்கெண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லை, ஆனா வாய்க்கரிசி போட்ட கை, சும்மா விடவும் ஏலாது, எட்டைச் செய்துபோட்டு வாங்கோ என்றார். உனக்கு மறந்திருக்கும், எட்டுச் செலவு என்றால் செத்தவருக்கு எட்டாம் நாளில், அவருக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் சமைத்து இலையில் படைத்து, உறவுக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது. வில்ஃப்ரீட்டிடம் சொன்னேன், அவர் கொஞ்சமும் யோசிக்காமல், நாங்களும் வேட்டை முடிந்தால் கூடி இருந்து சாப்பிடுவோம்தானே, இத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல் என்றார்.

எட்டாம் நாள் எல்லோரும் மனைவிமாரோடு வந்தார்கள், கறுப்பு உடுப்பு. ஐங்கரனும் வந்தான், வாசலில் கழற்றி வைத்த பச்சைத் தொப்பிகளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து பந்தியில் பரிமாறினான். அந்த மான் இறைச்சியைத்தான் கறி வைத்தேன், மரக்கறியும் எட்டு விதம். ஆனால் படையலில்தான் முட்டுப்பட்டேன். செத்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும். மேயருக்கு மேயருடைய கறியையே படைக்க ஏலாது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அவர்களுக்கு மானை எங்கே சுடலாம் என்று தெரியும், என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. அந்த நேரம் வாசல் மணி அடித்தது. ஃபிராவ் ஷுல்தே நின்றா. மான் சுட்டதைப் பதிய வந்தேன் என்றா. நான் உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுத்து, விசயத்தைச் சொல்லி, உங்களுக்குத்தான் தெரியும், அவர் விரும்பிச் சாப்பிட்டது என்ன என்று கேட்டேன். அவ வாழையிலையைப் பார்த்தா, எரிகிற குத்துவிளக்கைப் பார்த்தா, எழும்பி வெளியே போய்விட்டா. கோபித்துக்கொண்டு போகிறா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கார்க் கதவு அடிபட்ட சத்தம் கேட்டது, திரும்பி வந்தா. நடுவதற்குக் கொண்டுபோன தேவதாருக் கன்றுகள் ஒரு கட்டு கையில் இருந்தது. இதுதான், குருத்தை மட்டும் தின்பான் என்று சொல்லி, தானே இலையின் நடுவில் வைத்தா.

படைத்ததை வெளியே கொண்டுபோய் வைக்கவேண்டும் என்பதால், பொழுது படுகிற நேரம் நானும் அப்பாவும் இலையோடு காட்டோரத்துக்குப் போனோம். ஃபிராவ் ஷுல்தேயும் கூட வந்தா, தன் கன்று எங்கே போகிறது என்று பார்க்கவேண்டுமாம். வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். அப்பாவிடம் துவக்கு இல்லை, அவர் நித்திரை கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மானும், பின்னால் புள்ளி போட்ட குட்டி இரண்டும் வந்தன. தாய் இலையை மணந்து பார்த்துவிட்டு, கன்றின் குருத்தை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கடித்துத் தின்றது. எனக்குப் பக்கத்தில் ஃபிராவ் ஷுல்தே ஒவ்வொரு கடிக்கும் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. மூக்கைப் பார்த்தீரோ, உண்மையா ஈரம்தான் என்று அப்பா என் காதுக்குள் சொன்னார். கடைசிக் கன்றும் முடிந்த பிறகு ஃபிராவ் ஷுல்தே தொப்பியைச் சரி செய்துகொண்டு, மெதுவாக, இந்த ஒரு தரம்தான் என்றா.

இவ்வளவும்தான் நடந்தது. அண்ணனுக்கு நீ ஒன்றும் சொல்லவேண்டாம், அவன் வருகிற மாதம் ஒரு விடியற்புறம் எங்களோடு வந்து இருக்கட்டோ என்று அவனாகவே கேட்டிருக்கிறான். நீ புது வேலை தொடங்க முதலே நெஞ்சு இடிக்குது, நித்திரை வருகுதில்லை என்று சொன்னாய். அதைப் பற்றி நான் பெரிதாகப் புத்தி சொல்லப்போவதில்லை. வேலைக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் நேரத்தோடு படு, விடிய எழும்பி யன்னலோரம் இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வெளியே என்ன வருகிறது என்று பார். வருவது வரட்டும். கோப்பியைக் குறை, காதை மூடித் தொப்பி போடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. அம்மன் உனக்கு நல்ல நித்திரையையும் நடுங்காத கையையும் தந்து, தொட்டது துலங்க வைக்கட்டும். அப்பா தன் ஆசியையும் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு வில்ஃப்ரீட்டோடு ஏணிக்குப் பலகை அடிக்கப் போய்விட்டார். உன் ஜெர்மன் பாஸ்போட் இந்த வருசத்தோடு முடிகிறது, தூதரகத்தில் டெர்மின் இப்போதே எடு, கடைசி நேரத்தில் அழாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
சி. சுந்தரேஸ்வரி